ஜன்னி என்கிற ஒற்றைச் சொல்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில கணக்கெழுதிட்டு இருந்தவ. வரலாறு படிக்கிற கிறுக்கு உண்டு, அவ்வளவுதான். இது மருத்துவ ஆலோசனைப் பதிவு இல்லை. ஒரு வார்த்தையைப் பற்றிய பதிவு.

2004ல எனக்கு ஏழாவது மாசம். திருமுல்லைவாயல்ல வீடு. ஒரு சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து உட்கார்ந்தவளுக்குத் திடீர்னு குளிர் எடுத்தது. சாதாரணக் குளிர் இல்லை, பல்லு கிட்டிக்கிற குளிர். ரெண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடுது. வலது பக்கம் விலாவுக்குக் கீழே முதுகோரமா ஆணி அடிச்ச மாதிரி வலி. ரெண்டு நாளாவே ஒன்னுக்குப் போனா எரியும். "உடம்பு சூடு, மோரு குடி"ன்னு எல்லாரும் சொன்னதால மோரு குடிச்சிட்டு இருந்தேன் :-)

பக்கத்துல இருந்த ஆயாவுக்கு (அம்மாவோட அம்மா) முகம் வெளுத்துப் போச்சு. "ஐயோ, ஜன்னிடி கண்ணு இது! எங்க அக்காளுக்கு வந்த ஜன்னிடி!"ன்னு கத்தினாங்க. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரைப் பிடிச்சுக் கொடுக்கச் சொன்னாங்க. சிறுநீரகத்துல தொற்று, ஊசி போட்டா சரியாகும்னு டாக்டர் சொன்னார். அஞ்சு நாள் ஊசி. சரியாச்சு. பொண்ணு நல்லபடியா பொறந்து இப்போ காலேஜ் முடிச்சிட்டா.

ஆனா ஆயா சொன்ன அந்த வார்த்தை என்னை விடலை. ஆயாவோட அக்கா, வெள்ளவேடு பக்கத்துக் கிராமத்துல, ரெண்டாம் உலக யுத்த காலத்துல, தலைப்பிரசவத்துல செத்துப் போனவங்க. வயசு பதினேழோ பதினெட்டோ. எதனாலன்னு கேட்டா குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே பதில்: "ஜன்னி கண்டு பூட்டா."

உங்க குடும்பத்திலயும் பழைய ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க. மூணு தலைமுறைக்கு முன்னாடி ஜன்னி கண்டு போன ஒரு அத்தையோ சின்னம்மாவோ அநேகமா இருப்பாங்க. சன்னிபாதம் என்கிற வடமொழிச் சொல்தான் தேய்ஞ்சு சன்னி, ஜன்னின்னு ஆனது. வாதம், பித்தம், கபம் மூணும் ஒண்ணா சேர்ந்து கெட்டுப்போற நிலைன்னு பொருள். அதாவது எல்லாமே கெட்டுப்போச்சு, இனி செய்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். வலிப்பு வந்தாலும் ஜன்னி, காய்ச்சல் ஏறிப் பிதற்றினாலும் ஜன்னி, குளிர் நடுக்கம் வந்தாலும் ஜன்னி.

இன்னிக்குத் திரும்பிப் பார்த்தா அந்த ஒரு வார்த்தைக்குள்ள குறைஞ்சது மூணு வியாதி ஒளிஞ்சிருந்தது தெரியுது. ஒண்ணு, ரத்த அழுத்தம் ஏறி வர்ற பிரசவ வலிப்பு. ரெண்டாவது, பிள்ளை பெத்த பிறகு கர்ப்பப்பையில கிருமி புகுந்து வர்ற காய்ச்சல். மூணாவது எனக்கு வந்தது, சிறுநீர்ப் பாதையில கிளம்பி சிறுநீரகத்துக்கு ஏறுற தொற்று. மூணும் வேற வேற, மருந்தும் வேற வேற. இதுல ரெண்டாவதைப் பிரிச்சுக் காட்டினது கை கழுவுற பாத்திரம். மத்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டினது ஒரு சின்னக் குப்பி சிறுநீர். அந்தக் குப்பியோட கதைதான் இந்தப் பதிவு.

சிறுநீரைப் பார்த்து நோய் சொல்றது நமக்குப் புதுசில்லை. சித்த மருத்துவத்துல தேரையர் பேர்ல வழங்குற நீர்க்குறி, நெய்க்குறின்னு ஒரு முறையே இருக்கு. காலையில பிடிச்ச நீர்ல ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பு மாதிரி நெளியுதா, மோதிரம் மாதிரி வளையுதா, முத்து மாதிரி நிக்குதான்னு பார்ப்பாங்க. பாம்புன்னா வாதம், மோதிரம்னா பித்தம், முத்துன்னா கபம். இது எவ்வளவு சரின்னு சண்டை போட நான் வரலை. சிறுநீருக்குள்ள சேதி இருக்குங்கிற நினைப்பு நம்ம ஊர்ல பழசு, அதுதான் விஷயம். என் வருத்தம் என்னன்னா, பிரசவம் பார்த்த மருத்துவச்சி கைக்கு இந்தக் குப்பி வந்து சேரவே இல்லை. வைத்தியர் வேற உலகம், மருத்துவச்சி வேற உலகம்.

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில ரிச்சர்ட் பிரைட்னு ஒரு டாக்டர். சிறுநீரக நோய்க்கே ரொம்ப நாள் அவர் பேர்தான். 1827ல அவர் எழுதின முறை வேடிக்கையானது. ஒரு ஸ்பூன்ல சிறுநீரை எடுத்து மெழுகுவத்தி மேல காட்டினா, முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரியும். திரிஞ்சா உள்ளே புரதம் இருக்கு, சிறுநீரகம் ஒழுகுதுன்னு அர்த்தம். அதே ஆஸ்பத்திரியில ஜான் லீவர் 1843ல பிரசவ வலிப்பு வந்த பெண்களோட சிறுநீரைச் சூடு பண்ணிப் பார்த்தார். திரிஞ்சது. வலிப்பு இல்லாத கர்ப்பிணிகளோடதைப் பார்த்தார், திரியலை. வலிப்பு மூளைக்கோளாறோ பேயோ இல்லை, உடம்பு முழுக்க நடக்குற ஒரு கோளாறு, அது சிறுநீர்ல தெரியுதுன்னு முதல் தடவை ஆதாரம் கிடைச்சது அப்போதான். ஒரு ஸ்பூன், ஒரு மெழுகுவத்தி!

அடுத்த வருஷம், 1844ல, மதராசில அரசு பிரசவ ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. நம்ம எழும்பூர் ஆஸ்பத்திரிதான். இப்போ இருக்கிற இடத்துக்கு வந்தது 1880களின் தொடக்கத்துல. பட்டணத்துக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர்னு எங்க ஊர்க்காரங்களுக்குப் பிரசவத்துல சிக்கல்னா இன்னிக்கும் வாயில வர்ற முதல் பேரு எழும்பூர்தான். ஆனா சிக்கல்னு தெரிஞ்சாத்தானே போவாங்க? கிராமத்துல வலிப்பு வந்த பிறகு மாட்டு வண்டி கட்டி, பூந்தமல்லி ரோட்டைப் பிடிச்சு, எழும்பூர் போய்ச் சேர்றதுக்குள்ள விடிஞ்சிடும். கூடவே கோஷா ஆஸ்பத்திரி பத்தியும் ஒரு வார்த்தை. ஆண் டாக்டர்கிட்ட காட்ட மாட்டோம்னு வீட்டுக்குள்ளயே செத்துப்போன பெண்களுக்காக 1885ல தொடங்கினது. இதுக்குக் காரணமா இருந்த மேரி ஷார்லீப், மதராஸ் மருத்துவக் கல்லூரியில 1875ல சேர்ந்த பெண்கள்ல ஒருத்தர். அந்த அம்மாவுக்குத் தனிப் பதிவே போடணும்.

ரெண்டாவது வியாதியைச் சுருக்கமா முடிச்சிடறேன். வியன்னாவுல செம்மல்வைஸ் 1847ல டாக்டர்களைக் குளோரின் தண்ணியில கை கழுவச் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். பிறகு 1936ல லண்டன்ல கோல்புரூக் சல்ஃபா வகை மருந்தைக் கொடுத்துப் பிரசவக் காய்ச்சல் சாவைச் சடசடன்னு குறைச்சுக் காட்டினார். ஜன்னியோட ஒரு கால் அங்கே உடைஞ்சது.

முதல் வியாதிக்கு, வலிப்புக்கு, மதராஸ் கதை தனி. எழும்பூர் ஆஸ்பத்திரியின் முதல் இந்தியக் கண்காணிப்பாளர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். 27 வருஷம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி துணைவேந்தரா இருந்தாரே, அவரேதான். ராமசாமி முதலியாரோட இரட்டைப் பிறவி. இவர் 1938ல எழுதின மகப்பேறு மருத்துவப் புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்பத் திருத்திப் பதிப்பிச்சு மாணவர்கள் இன்னும் படிக்கிறாங்க. பின்னாடி அதுல எம்.கே. கிருஷ்ண மேனன் பேரும் சேர்ந்தது. (ராணுவ மந்திரி வி.கே. கிருஷ்ண மேனன் வேற. நானும் முதல்ல குழம்பினேன்.)

இந்த டாக்டர் கிருஷ்ண மேனன் செஞ்சது பெரிய காரியம். அதுவரைக்கும் உலகம் முழுக்க, வலிப்பு வந்தவங்களை இருட்டறையில போட்டு, சத்தமில்லாம, மார்ஃபின் மாதிரி மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைக்கிறதுதான் வழக்கம். ரஷ்ய டாக்டர் ஸ்ட்ரோகனாஃப் பேர்ல பிரபலமான முறை. மேனன் எழும்பூர்ல குளோர்புரோமசின், புரோமெதசின், பெத்திடின் மூணையும் கலந்து கொடுத்து, அந்த அனுபவத்தை 1961ல பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவ இதழ்ல எழுதினார். மேனன் முறைன்னே பேர் வெச்சு இந்தியா முழுக்க ரொம்ப வருஷம் அதுதான் ஓடுச்சு.

நம்ம ஊர்ப் பெருமைன்னு இதோட நிறுத்திக்கலாம். ஆனா நிறுத்தினா வரலாறு இல்லை. 1995ல இந்தியா உட்பட பல நாடுகள்ல சேர்ந்து நடத்தின பெரிய பரிசோதனையில, வலிப்பு திரும்ப வராம தடுக்கறதுல மத்த மருந்துகளை எல்லாம் மக்னீசியம் சல்ஃபேட் ஜெயிச்சிடுச்சு. விலையும் சல்லிசு. மேனன் கலவை மெதுவா ஓரம் போச்சு. இதுல அவமானம் ஒண்ணுமில்லைன்னுதான் எனக்குத் தோணுது. முப்பது வருஷம் எத்தனையோ பேரைக் காப்பாத்தின மருந்து, அதைவிட நல்லது வந்ததும் எழுந்து இடம் விட்டுது.

ஆனா மருந்து வலிப்பு வந்த பிறகு. குப்பி, வர்றதுக்கு முன்னாடி. கர்ப்பமா இருக்கிற ஆரோக்கியமான பொண்ணை மாசாமாசம் கூப்பிட்டுச் சோதிக்கணும்கிற யோசனையே இருபதாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். எடின்பரோவுல பாலன்டைன்னு ஒருத்தர் அதுக்காகக் கரடியா கத்தினார். 1929ல பிரிட்டன்ல எத்தனையாவது வாரம் வரணும், ஒவ்வொரு தடவையும் சிறுநீர் பார்க்கணும்னு அட்டவணையே போட்டாங்க. இன்னிக்கு நம்ம கையில இருக்கிற கர்ப்பிணி அட்டை அதோட பேத்தி.

இந்தியாவுக்கு அது எப்படி வந்ததுன்னு தேடினப்போ எங்க பூந்தமல்லி குறுக்கே வந்து நின்னுச்சு! கிராம சுகாதாரத்துக்கு ஒரு மாதிரி அமைக்கணும்னு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோட சில இடங்கள்ல சுகாதார யூனிட் வெச்சாங்க. வங்காளத்துல சிங்கூர் (ஆமாங்க, நானோ கார் தகராறு நடந்த அதே சிங்கூர்), டில்லி பக்கம் நஜஃப்கர், மதராஸ் பக்கம் பூந்தமல்லி. பிறகு இந்த ஊர்கள் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடங்களாச்சு. பூந்தமல்லியில பொது சுகாதார நிறுவனம் இருக்கு இல்லையா, ட்ரங்க் ரோட்டுல பஸ்ல போறப்ப எத்தனையோ தடவை அந்தப் பக்கம் பார்த்திருக்கேன், இதுதான் அதுன்னு தெரியாமலே.

1943ல அமைச்ச போர் கமிட்டி 1946ல அறிக்கை கொடுத்தது. (சண்டை போர் இல்லை, ஜோசப் போர்.) நம்ம லட்சுமணசாமி முதலியாரும் அதுல உறுப்பினர். வருஷத்துக்கு சுமார் 2 லட்சம் பெண்கள் பிரசவத்தை ஒட்டிச் சாகுறாங்கன்னு அந்த அறிக்கை கணக்கு சொல்லுது. 1000 பிரசவத்துக்கு 20 பேர். அந்த 2 லட்சத்துல வெள்ளவேட்டுப் பெரியாயாவும் ஒருத்தங்க. கிராமத்துக்குக் கிராமம் ஆரம்ப சுகாதார நிலையம், வீட்டுக்கு வர்ற நர்ஸ்னு எல்லாம் அந்த அறிக்கை வழியா வந்ததுதான்.

நர்ஸம்மா செய்யற சோதனை பிரைட்டோட ஸ்பூனுக்குத் தங்கச்சி. சோதனைக் குழாய்ல முக்கால்வாசி சிறுநீர், மேல்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்குல காட்டணும். கலங்கினா ரெண்டு சொட்டு அசிட்டிக் அமிலம். கலங்கல் தெளிஞ்சா வெறும் உப்பு, பயமில்லை. தெளியலைன்னா புரதம், உடனே பிரஷர் பார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அவ்வளவுதான்.

அதே குப்பியில சர்க்கரையும் பார்ப்பாங்க. ஆனா கர்ப்பகாலச் சர்க்கரையைச் சிறுநீர் சரியாச் சொல்லாது, ரத்தம்தான் சொல்லும்னு தெளிவானப்போ அதுக்கும் எங்க மாவட்டம் உதவியிருக்கு. சென்னை டாக்டர் வி. சேஷையா குழு 2000களில் 12,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குக் குளுகோஸ் கொடுத்துப் பார்த்தது. நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்குத் திருவள்ளூர். 2008ல வந்த முடிவு: சென்னையில 17.8 சதவீதம், திருவள்ளூர் கிராமங்கள்ல 9.9 சதவீதம். கிராமத்துலயே பத்துல ஒருத்திக்கா! தமிழ்நாடு எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கினதுக்கு இதுவும் ஒரு காரணம். 75 கிராம் குளுகோஸ் தண்ணியைக் குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உட்கார்ந்த அக்கா தங்கச்சிங்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை.

சரி, என் வியாதிக்கு வர்றேன்.

கர்ப்பத்துல சுரக்கிற ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திடும். வளர்ற கர்ப்பப்பை வேற, அதுவும் கொஞ்சம் வலப்பக்கமாத் திரும்பி, குழாயை அமுக்கும். நீர் ஓடாம தேங்கும். தேங்கின குட்டையில பாசி பிடிக்காம என்ன செய்யும்? என் வலி ஏன் வலது பக்கம்னு இதைப் படிச்சப்பதான் புரிஞ்சது.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. பல பேருக்கு எரிச்சலே இருக்காது. பாஸ்டன்ல எட்வர்ட் காஸ்னு ஒரு டாக்டர் 1950களில் நல்லா இருக்கிற பெண்களோட சிறுநீரையும் வளர்த்துப் பார்த்து, ஒரு மில்லியில 1 லட்சம் கிருமிக்கு மேல இருந்தா அது தொற்றுன்னு ஒரு கோடு கிழிச்சார். அறிகுறியே இல்லாம இப்படிக் கிருமியோட நடமாடுற கர்ப்பிணிங்க நூத்துக்கு ரெண்டுலேர்ந்து பத்து பேர் வரைக்கும் இருக்காங்க. கவனிக்காம விட்டா அதுல கால்வாசிப் பேருக்காவது என்னை மாதிரி சிறுநீரகக் காய்ச்சல் வரலாம், அதோட குறைமாசப் பிரசவ ஆபத்தும். கொதிக்க வைக்கிற சோதனையில இது மாட்டாது. கிருமியை வளர்த்துப் பார்க்கணும், அதுக்கு லேப் வேணும், ரெண்டு நாள் வேணும். 2016ல உலக சுகாதார நிறுவனமும் எல்லாக் கர்ப்பிணிக்கும் வளர்த்துப் பார்க்கச் சொல்லி, இருந்தா ஏழு நாள் மாத்திரைன்னு எழுதிடுச்சு. சொல்றது சுலபம். ஸ்பூனும் மெழுகுவத்தியும் ஓடின வேகத்துல லேப் ஓடாதே.

ஆனா எனக்கு ஏன் வந்ததுன்னு கேட்டா நான் ஹார்மோனை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். 1964ல அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. முதல்ல லேத்து, வெல்டிங்னு ஆம்பளைங்க வேலை. பிறகு துணி எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வந்து பெண்கள் ஆயிரக்கணக்குல வந்தாங்க. அரக்கோணம், திருவள்ளூர், திருநின்றவூர்லேர்ந்து மின்சார ரயில். அந்த ரயில்ல கக்கூஸ் கிடையாது. ஸ்டேஷன்ல இருந்தாலும் பூட்டு. அப்போ இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வைக்கணும்னு சொன்னது. எங்க கம்பெனியில இருந்தது, ரெண்டு. எத்தனை நிமிஷத்துல திரும்பி வரணும்கிறது சட்டத்துல இல்லை, சூப்பர்வைசர் கையில இருந்தது. நாங்க எல்லாரும் கண்டுபிடிச்ச வழி ஒண்ணுதான்: தண்ணி குடிக்காதே. தையல் செக்ஷன்ல இருந்த மாசமான பொண்ணுங்க காலையில அரை டம்ளர் காபியோட நிறுத்திடுவாங்க. குடிக்காம, அடக்கிக்கிட்டு, வேர்த்துக்கிட்டு பத்து மணி நேரம். கிருமிக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. அதைத்தான் நாங்க "சூடு"ன்னு சொன்னோம். 2021ல கடைகள்ல வேலை செய்றவங்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்தப்போ கைதட்டினேன். எழுந்து ஒன்னுக்குப் போறதுக்கும் ஒரு சட்டம் வரட்டும்னு மனசுக்குள்ள ஒரு சின்ன முணுமுணுப்பும் இருந்தது.

இன்னொரு விஷயம் வயித்தைக் கலக்குது. 2010ல லான்செட் இதழ்ல வந்த என்.டி.எம்.-1 கட்டுரை ஞாபகம் இருக்கா? டில்லி பேரை வெச்சதுக்கு பெரிய ரகளை நடந்ததே. அதுல 44 மாதிரி சென்னையில எடுத்தது. பெரும்பாலான ஆன்ட்டிபயாடிக்குக்கு மசியாத கிருமிகள். சிறுநீர்த் தொற்றை உண்டாக்குற அதே ஈ-கோலை, அதே கிளெப்சியெல்லா இனங்கள். எழுதினவங்கள்ல முதல் பேர் சென்னைக்காரர், தரமணியில இருக்கிற ஏ.எல்.எம். நிறுவனத்துல ஆராய்ச்சி செஞ்சவர். ஏ.எல்.எம்.னா ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். 2004ல அஞ்சு நாள் ஊசியில போன என் ஜன்னி, இன்னிக்கு ஒரு பொண்ணுக்கு வந்தா அதே ஊசியில போகுமான்னு தெரியாது.

2001-03ல தமிழ்நாட்டுல லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தாங்க. 2018-20 கணக்குல அது 54. போர் கமிட்டி சொன்ன கணக்கு லட்சத்துக்கு 2000.

கடைசியா ஆயா. நான் ஆஸ்பத்திரியில ஊசி போட்டுப் படுத்திருந்தப்போ பக்கத்துல உட்கார்ந்து அக்கா கதையை முழுசாச் சொன்னாங்க. நான் ஒண்ணொண்ணாக் கேட்டேன். காய்ச்சல் அடிச்சுதா ஆயா? "இல்ல கண்ணு, உடம்பு சில்லுன்னுதான் இருந்துச்சி." குளிர் நடுக்கம்? "அதெல்லாம் இல்ல. ஒரு வாரமா மண்டை இடிக்குதுன்னா. மூஞ்சி உப்பிப் பூச்சி. வளைகாப்புக்குப் போட்ட வளையலு கையில ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. மெட்டிய அறுத்துதான் எடுத்தாங்கோ. கண்ணு மசமசங்குதுன்னு சொன்னா. அன்னிக்கு ராத்திரி கை காலு இழுத்துச்சி." எனக்கு வந்த ஜன்னி இல்லை அது. வேற ஜன்னி.

அறுபது வருஷமா ஆயா அதை முனின்னும் நினைச்சிருக்காங்க, தன் அம்மா பத்தியம் பார்க்கலைன்னும் நினைச்சிருக்காங்க. நான் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். ஒரு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா எழும்பூருக்குக் கொண்டு போயிருக்கலாம், பொழைச்சிருப்பாங்களான்னு சொல்ல முடியாது, ஆனா தெரிஞ்சிருக்கும்னேன்.

"எப்படித் தெரியும்? உனுக்குப் புடிச்சாங்களே, அந்த மாரி குப்பியிலயா?"

"ஆமா ஆயா. கொஞ்சம் புடிச்சுக் காய்ச்சிப் பார்த்திருந்தா திரிஞ்சிருக்கும்."

ஆயா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் என் போர்வையைச் சரிபண்ணிக்கிட்டே சொன்னாங்க:

"அடுப்பு எரிஞ்சிகினுதானே இருந்துச்சி."